பீரங்கிதான் அவர்கள் கொடி

செனடாப் சாலைக்குப் பெயர் தந்த கட்டடம் இப்போது அங்கே இல்லை. மைசூர்ப் போரில் திப்பு சுல்தானைப் பணிய வைத்த காரன்வாலிஸ் பிரபுவுக்காகக் கட்டிய நினைவு மண்டபம் அது. பிற்காலத்தில் அதை இடம் மாற்றிவிட்டார்கள். பெயர் மட்டும் நம் பக்கத்திலேயே தங்கிவிட்டது. காரன்வாலிஸின் சிலையைப் பார்க்க வேண்டுமானால் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வாசலில் பழைய பீரங்கிகள் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறாமல் திரும்புவதில்லை.

செனடாப் சாலை போய்ச் சேரும் அண்ணா சாலையின் பழைய பெயர் மவுண்ட் ரோடு. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் வழி என்பதால் அந்தப் பெயர். கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம் அந்தப் பரங்கிமலைதான். கோட்டைக்கும் மலைக்கும் இடையே பீரங்கி வண்டிகளும் வெடிமருந்துப் பெட்டிகளும் மாடுகளும் போய்வந்த பாதையில்தான் இன்று நாம் சிக்னலுக்காகக் காத்து நிற்கிறோம். பரங்கி, பீரங்கி என்ற இரண்டு சொற்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பார்கள். ஐரோப்பியரைக் குறித்த சொல் அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்த ஆயுதத்தை இழுத்தவர்களும் தூக்கியவர்களும் துடைத்தவர்களும் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். ‘கன் லஸ்கர்’ என்று அவர்களுக்குப் பெயர். குறிபார்ப்பது வெள்ளைக்காரச் சிப்பாயின் வேலை. சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தோள் கொடுத்துக் கிளப்புவதும், குண்டு சுமப்பதும், மாடுகளைப் பார்த்துக்கொள்வதும் லஸ்கரின் வேலை. கனத்த முற்றுகைப் பீரங்கி ஒன்றை நகர்த்தப் பல ஜோடி மாடுகள் வேண்டும். மைசூர் மன்னர்களிடம் இதற்கென்றே அம்ருத் மஹால் என்ற மாட்டினம் இருந்தது. ஹைதர் அலியின் படை ஒரே இரவில் இத்தனை தூரம் எப்படி வந்தது என்று ஆங்கிலேயர் திகைத்ததற்கு அந்த மாடுகளும் ஒரு காரணம். திப்பு வீழ்ந்த பிறகு அந்த மாட்டுப் பண்ணையும் காலப்போக்கில் கம்பெனியின் கைக்குப் போனது.

பீரங்கிக்காரனின் தொழிலில் உள்ள ஆபத்துக்குக் காஞ்சிபுரம் அருகே உள்ள புள்ளலூர் சாட்சி. 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதோடு சண்டையின் போக்கே மாறிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெடிப்பை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். பீரங்கிக்காரன் தன் சாவுக்கான மருந்தைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்பவன். கூட நிற்பவனின் கவனக்குறைவு தன் உயிரையும் வாங்கிவிடும் என்பது அவனுக்கு முதல் நாளே தெரியும்.

நாளடைவில் இந்தியர்களும் பீரங்கியை இயக்கும் நிலைக்கு வந்தார்கள். அவர்களைக் ‘கோலந்தாஸ்’ என்றார்கள். குண்டு எறிபவன் என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. மதராஸ் படையிலும் கோலந்தாஸ் பட்டாளம் இருந்தது. பிறகு 1857 வந்தது. வடக்கே கிளர்ந்தெழுந்த சிப்பாய்களில் பயிற்சி பெற்ற பீரங்கிக்காரர்களும் இருந்தார்கள். தாங்கள் கற்றுக்கொடுத்த கணக்கிலேயே தங்கள்மேல் குண்டு விழுவதை ஆங்கிலேயர் பார்த்தார்கள். அந்த அச்சம் அவர்களை விடவே இல்லை. கிளர்ச்சி அடங்கியதும் மூன்று மாகாணங்களின் ஐரோப்பியப் பீரங்கிப் படைகளை அரச பீரங்கிப் படையோடு இணைத்தார்கள். சில மலைப் பேட்டரிகளும் ஹைதராபாத் படைப்பிரிவின் பேட்டரிகளும் தவிர, இந்தியர்களின் பீரங்கிப் படைகள் கலைக்கப்பட்டன. மதராஸ் படை பெரும்பாலும் கிளர்ச்சியில் சேரவில்லை. ஆனாலும் தண்டனை அதற்கும் சேர்த்துத்தான்.

துப்பாக்கி கொடுக்கலாம், பீரங்கி கொடுக்கக் கூடாது. இதுதான் அடுத்த முக்கால் நூற்றாண்டின் கொள்கை. இந்தியச் சிப்பாய் பிரான்சிலும் மெசபொடேமியாவிலும் மன்னருக்காக உயிர் கொடுக்கலாம். ஆனால் களப் பீரங்கியின் பின்னால் அவன் நிற்கக் கூடாது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து நம் நகரத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கதையை எல்லோரும் பாட்டி வாயால் கேட்டிருப்போம். திருப்பிச் சுட்ட கடற்கரைப் பீரங்கிகள் ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தவை. ஒரு குண்டும் எம்டன்மேல் படவில்லை.

பீரங்கி ஏன் இப்படி ஒரு மானப் பிரச்சினை ஆனது என்பதைப் புரிந்துகொள்ளப் படை மரபு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலாட்படைக்குக் கொடி உண்டு. அந்தக் காலத்தில் போர்க்களத்தில் கொடி விழாமல் காப்பது அந்தப் படையின் மானம். பீரங்கிப் படைக்குத் தனியாக அப்படி ஒரு போர்க்கொடி கிடையாது, பீரங்கிதான் கொடி. அணிவகுப்பில் காலாட்படையின் கொடிக்குச் செய்யும் மரியாதையைப் பீரங்கிக்குச் செய்வார்கள். அதை எதிரியிடம் விட்டுவிட்டு வருவதைப் போன்ற அவமானம் வேறில்லை. முடியவே முடியாது என்ற நிலையில், அந்தக் காலத்தில் தீ வைக்கும் துளையில் ஆணி அறைந்துவிட்டு வருவார்கள். பிற்காலத்தில் பின்பக்க அடைப்பையோ குறிபார்க்கும் கருவியையோ கழற்றிக்கொண்டு வருவார்கள். பீரங்கி போனாலும் எதிரிக்குப் பயன்படக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. காலாட்படைச் சிப்பாய்க்கு அவனவன் துப்பாக்கி. பீரங்கி ஒருவனுக்குச் சொந்தமில்லை. இரண்டாம் உலகப் போரில் நம் படையினர் பயன்படுத்திய 25 பவுண்டர் பீரங்கியையே எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 1,800 கிலோ. 11 கிலோ குண்டை 12 கிலோமீட்டர் வரை வீசும். ஆழ்வார்பேட்டையில் வைத்துச் சுட்டால் மீனம்பாக்கம் விமான நிலையத்தையும் தாண்டி விழும். அதை இயக்க ஆறு பேர். ஒன்றாம் எண் ஹவில்தார். பீரங்கியும் ஆட்களும் அவர் பொறுப்பு. இரண்டாம் எண் பின்பக்கத்தைத் திறந்து மூடுவார். மூன்றாம் எண் குறி வைத்துச் சுடுவார். நான்காம் எண் குண்டை உள்ளே தள்ளுவார். ஐந்தும் ஆறும் குண்டுகளையும் மருந்தையும் தயார் செய்து கொடுப்பார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அந்த எண்ணுக்கு நகர வேண்டும். அதனால் ஆறு பேருக்கும் ஆறு வேலையும் தெரிந்திருக்கும்.

இதில் விசித்திரம், இந்த ஆறு பேரில் யாரும் பொதுவாக எதிரியைப் பார்ப்பதில்லை. பல கிலோமீட்டர் முன்னால், காலாட்படையோடு ஒரு குன்றிலோ பள்ளத்திலோ படுத்திருக்கும் பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் பார்க்கிறார். அவர் கம்பியிலோ வானொலியிலோ சொல்லும் எண்களை நம்பி இவர்கள் சுடுகிறார்கள். இவர்கள் கணக்கு கொஞ்சம் தவறினாலும் குண்டு அவர் தலையிலேயே விழும். அவர் இவர்களை நம்புகிறார், இவர்கள் அவரை நம்புகிறார்கள், நடுவே படுத்திருக்கும் காலாட்படைக்காரன் இரு தரப்பையும் நம்புகிறான். பீரங்கிப் படையினரின் தோழமையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது விருந்துக்கூடத்தையும் பாட்டையும் அல்ல, இந்தக் கணக்கைத்தான்.

1935 ஜனவரி 15, பொங்கலை ஒட்டிய நாள். அன்றுதான் பெங்களூரில் ‘ஏ’ ஃபீல்டு பிரிகேட் தொடங்கப்பட்டது. இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படை இது. தென்னிந்தியர்கள் ‘போர்க்குணம் உள்ள இனம்’ இல்லை என்று சொல்லி மதராஸ் பட்டாளங்களை ஒவ்வொன்றாக வெள்ளைக்காரர் கலைத்து வந்த காலம் அது. அப்படியிருந்தும் இந்தப் படைக்கு ஆள் எடுத்தபோது பஞ்சாபி முஸ்லிம்களோடும் ராஜபுத்திரர்களோடும் மதராசிகளையும் சேர்த்தார்கள். லஸ்கராகச் சக்கரம் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள், மூன்றாம் எண்ணில் நின்று குறி வைக்கும் உரிமையைப் பெற்றார்கள். என் பார்வையில், தமிழர் ராணுவ வரலாற்றில் நாம் போதுமான அளவு பேசாத நாள் இது.

அந்தத் தொடக்க காலத்து இந்திய அதிகாரிகளில் ஒருவர் நம் மாகாணத்துக்காரர். பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1913இல் பிறந்தவர். திருச்செங்கோடு அருகே உள்ள குமாரமங்கலம் ஜமீன். தந்தை டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். தாய் ராதாபாய் சுப்பராயனும் பொதுவாழ்வில் பெயர் பெற்றவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தவர்கள். அண்ணன் மன்னரின் படையில் அதிகாரி. தம்பியோ அதே மன்னரின் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகச் சென்னைச் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.

பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் அதிகாரிகளை உருவாக்கிய இங்கிலாந்தின் வுல்விச் கழகத்தில் பயின்று, 1933இல் குமாரமங்கலம் படையில் சேர்ந்தார். 1942இல் 2வது ஃபீல்டு ரெஜிமெண்டில் ஒரு பேட்டரிக்குத் தலைவராக லிபியப் பாலைவனத்தில் இருந்தார். கசாலா என்ற கடலோர ஊரிலிருந்து தெற்கே பாலைவனத்துக்குள் நீண்ட பாதுகாப்பு வரிசையின் தென்கோடியில் பீர் ஹக்கீம் கோட்டை. அதில் சுதந்திர பிரெஞ்சுப் படையினர். அதற்குத் தென்கிழக்கே 171 என்று வரைபடத்தில் குறித்த ஒரு மேட்டில் 3வது இந்திய மோட்டார் பிரிகேட். மூன்று குதிரைப்படை ரெஜிமெண்டுகள், அவற்றுக்குத் துணையாக 2வது ஃபீல்டு ரெஜிமெண்டின் பீரங்கிகள். குதிரைப்படை என்பது பெயரளவில்தான். அவர்களிடம் டாங்கி ஒன்றுகூட இல்லை.

மே 26 இரவு ரோம்மெல் தன் கவசப் படைகளைப் பீர் ஹக்கீமுக்குத் தெற்கே சுற்றி அனுப்பினார். 27ஆம் தேதி விடிந்தபோது, இந்தியர்களின் எதிரே இத்தாலியரின் அரியேத்தே டாங்கிப் பிரிவு நின்றது. தூரத்து இலக்கைக் கணக்கு போட்டுச் சுடும் 25 பவுண்டர்களைத் தாழ்த்தி, கண்ணுக்கு நேரே வரும் டாங்கியைப் பார்த்துச் சுட வேண்டிய நிலை. மறைவு இல்லை, பின்வாங்க நேரமும் இல்லை. பல டாங்கிகளை நிறுத்தினார்கள். ஆனாலும் எண்ணிக்கை தாங்கவில்லை. சிறிது நேரத்தில் மேடு வீழ்ந்தது. பீரங்கிகளை விட்டு ஓடியதாக இல்லை. டாங்கிகள் பீரங்கி வரிசைக்குள்ளேயே புகுந்த பிறகுதான் சண்டை முடிந்தது. அன்றைய வீரத்துக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அவர் அப்போது போர்க்கைதி. (அன்று அந்த மேட்டில் பிடிபட்டவர்களில் எழுபது வயதான ஓர் ஆங்கிலக் கடற்படை அட்மிரலும் உண்டு. வால்டர் கோவன் என்று பெயர். ஓய்வு பெற்றும் வீட்டில் இருக்க முடியாமல் இந்தியக் குதிரைப்படையோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்!)

பிறகு நடந்தது இன்னும் உருக்கமானது. பிடித்த கைதிகளுக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாததால், சாதாரணச் சிப்பாய்கள் பலரை எதிரிகள் பாலைவனத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். சுமார் 600 இந்தியர்கள் நா வறண்டு நடந்து, முற்றுகைக்கு உள்ளாகிக்கொண்டிருந்த பீர் ஹக்கீமை அடைந்தார்கள். உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கே அளவு வைத்துத்தான் தண்ணீர். அதிலிருந்து இவர்களுக்கும் கொடுத்தார்கள்.

குமாரமங்கலம் இத்தாலியில் இந்திய அதிகாரிகளுக்கான முகாமில் அடைக்கப்பட்டார். அதே முகாமில் இருந்தவர்களில் யாஹியா கான் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் பலர் தப்பினார்கள். யாஹியா கான் தப்பி நேசப் படையோடு சேர்ந்தார். குமாரமங்கலமும் தப்பினார், ஆனால் மறுபடி பிடிபட்டு, போர் முடியும்வரை ஜெர்மனியில் இருந்தார்.

இனி நான்கு ஆண்டுகளில் நாடு பிரிந்தது. ரெஜிமெண்டுகள் பிரிந்தன, பேட்டரிகள் பிரிந்தன. ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு ரயிலில் ஏறினார்கள். 1965இல் இரண்டு நாடுகளும் மோதியபோது இரு பக்கமும் முழங்கியவற்றில் அதே 25 பவுண்டர்கள் இருந்தன. இரு பக்கமும் அதே ஆறு எண்கள், அதே பயிற்சிப் புத்தகம். 1966 ஜூனில் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனார். பீரங்கிப் படையிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் படைத் தலைவர் ஆனவர், அவரோடு இத்தாலிய முகாமில் கம்பி வேலிக்குள் இருந்த யாஹியா கான். 1971இல் கிழக்கு வங்காளத்தில் கொடூரத்துக்குப் பெயர் வாங்கிய டிக்கா கானும் லிபியாவில் கைதான பீரங்கிப் படைக்காரர்தான். படைத் தோழமையை வானளாவப் புகழ்பவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுவார்கள். தோழமை அந்த மேட்டிலும் முகாமிலும் உண்மையாக இருந்தது. அதற்கு வெளியே நடந்ததை அது தடுக்கவில்லை.

பீரங்கியோடு மனிதனுக்கு உள்ள பிணைப்பைக் காட்ட இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 1944 டிசம்பர் 15 நள்ளிரவை ஒட்டி, பர்மாவின் கலாதான் பள்ளத்தாக்கில் ஹவில்தார் உம்ராவ் சிங்கின் பீரங்கியை ஜப்பானியர் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். குண்டும் தீர்ந்தது. பீரங்கியைத் திருப்பும் இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு அவர் அடித்தார். மறுநாள் காலை மீட்க வந்தவர்கள், ஏழு காயங்களோடு மயங்கிக் கிடந்தவரைப் பீரங்கியின் பக்கத்திலேயே கண்டார்கள். சுற்றிலும் பத்து ஜப்பானியர் இறந்து கிடந்தார்கள். பீரங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே அது மறுபடி சுட்டது. இந்தியப் பீரங்கிப் படையில் விக்டோரியா கிராஸ் பெற்றவர் அவர் ஒருவரே. ஹரியானாவில் எளிய விவசாயியாக வாழ்ந்த அவரிடம் அந்தப் பதக்கத்தைப் பெருந்தொகைக்கு விலை பேசினார்கள். இறந்துபோன தோழர்களுக்கு அது இழுக்கு என்று மறுத்துவிட்டார். 2005இல் காலமானார்.

சுதந்திர இந்தியாவில் பீரங்கி இல்லாத குறையை அதிகம் உணர்த்தியது 1962. லடாக்கின் ரெசாங் லாவில் குமாவுன் ரெஜிமெண்டின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுதாக மாண்டது, 114 பேர். குறுக்கே நின்ற மலை முகடு காரணமாகப் பின்னால் இருந்த பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, குமாரமங்கலம் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில், 1967 செப்டம்பர் 11 அன்று சிக்கிமின் நாது லாவில் சீனர்கள் சுட்டபோது நிலைமை வேறு. களத்தில் இருந்த மேஜர் ஜெனரல் சகத் சிங் பீரங்கிகளைப் பேச வைத்தார். உயரமான இடத்தில் நம் கண்காணிப்பு அதிகாரிகள் இருந்தார்கள். மூன்று நாளில் சண்டை நின்றது.

நம் நகரத்துக்கு இன்னும் நெருக்கமானவர் ஜெனரல் சுந்தரராஜன் பத்மநாபன். 1940இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, 1959இல் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். ஒரு காலத்தில் அவர் தலைமை வகித்த படையின் பெயர் கசாலா மலைப் பீரங்கி ரெஜிமெண்ட். குமாரமங்கலம் சிறைப்பட்ட அதே பாலைவன வரிசையின் பெயர், இமயமலையில் பீரங்கி இழுத்தவர்களின் தோளில் பட்டையாக நிலைத்துவிட்டது. 2000 அக்டோபர் முதல் 2002 டிசம்பர் வரை தலைமைத் தளபதியாக இருந்தார். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் மாதக்கணக்கில் படைகள் திரண்டு நின்ற காலம் அது. ஓய்வுக்குப் பின் சென்னைவாசியாகவே இருந்து, 2024 ஆகஸ்டில் இங்கேயே மறைந்தார்.

போபர்ஸ் என்றால் நம் தலைமுறைக்கு ஊழல்தான் நினைவுக்கு வரும். 1999 கார்கிலில் அந்த போபர்ஸ் பீரங்கிகளை நெடுஞ்சாலையோரம் நிறுத்தி, நிமிர்ந்து நின்ற சிகரங்களைச் சுட்டார்கள். அந்தப் போரில் நம் பீரங்கிப் படை சுட்டது இரண்டரை லட்சம் குண்டுகள். திராஸ் பகுதியில் 5140 என்று எண்ணால் அழைக்கப்பட்ட சிகரத்துக்கு 2022இல் ‘கன் ஹில்’ என்று பெயர் வைத்தார்கள். காலாட்படை ஏறிப் பிடித்த சிகரத்துக்குப் பீரங்கிக்காரர்களின் பெயர்.

1827 செப்டம்பர் 28 அன்று பம்பாயில் அமைந்த ஒரு கோலந்தாஸ் படை, 5வது மலைப் பேட்டரி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அந்தத் தேதியைத்தான் பீரங்கிப் படையினர் ‘கன்னர்ஸ் டே’ என்று கொண்டாடுகிறார்கள். பரங்கிமலையில், மதராஸ் பீரங்கிப் படை இருந்த அதே கண்டோன்மெண்டில், 1963 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இயங்குகிறது. அங்கே பயிற்சி முடித்து வெளியேறும் இளைஞர்களில் ஆண்டுதோறும் சிலர் பீரங்கிப் படைக்குப் போகிறார்கள்; இப்போது பெண் அதிகாரிகளும்.

நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களில் பீரங்கிப் படையில் பணியாற்றியவர்கள் இருந்தால், படங்களும் நினைவுகளும் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். எந்த ரெஜிமெண்ட், எந்த ஆண்டு என்பதோடு, பீரங்கியில் எத்தனையாம் எண்ணில் நின்றார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பெயரை மறந்த பெரியவர்கள்கூட அந்த எண்ணை மறப்பதில்லை.